இடாப்பில் அம்மாவின் பெயர்

அலுமாரியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை வந்தது. ஈரச் சாக்கு, எலிப்புழுக்கை, பூச்சி உருண்டை எல்லாம் சேர்ந்த வாடை… இன்றைக்கும் பழைய புத்தகம் எதையாவது விரித்தால், அந்தப் பள்ளிக்கூட ஆபீஸும் அங்கே நான் தலைகுனிந்து நின்றதும்தான் நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்கு நின்றேன். போட்டோ கொப்பி எடுப்பது, கோல் எடுத்துக் கொடுப்பது… மாசச் சம்பளம் வாங்குகிற பெண் என்பதால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எனக்குக் கொஞ்சம் மவுசு. தலைக்கனமும்தான், சொல்வதற்கென்ன.

அக்கா கல்யாணமாகி கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருந்தாள். தலைப்பிரசவம். "அம்மா பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று போனில் அழுவாள். அம்மாவுக்கும் போகத் துடிப்பு. ஆனால் அம்மாவிடம் ஐ.சி. இல்லை. யுத்தம் நடந்த அந்த நாளில் அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பொம்பளை கொழும்புக்குப் போவதா? செக் பொயின்டில் இறக்கினால் நேரே பொலிஸ்தான்.

அம்மாவுக்குப் பிறப்புப் பதிவும் கிடையாது. படித்த பள்ளிக்கூடத்தில் வயசைப் போட்டு ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் ஐ.சி.க்கு அனுப்பலாம் என்றார் கிராம சேவகர்.

"அதுக்கென்ன… நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவதானே!"

அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சும்மா சொல்லவில்லை. எங்கள் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அம்மாதான் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவாள்.

அம்மா பிறந்த தோட்டம் றொசல்ல பக்கம். ரயிலை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறிப் போனோம். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற நைலெக்ஸ் சேலையை அம்மா கட்டியிருந்தாள்.

பள்ளிக்கூட அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனுசன். உட்காரச் சொல்லி பிளேன்டீ கொடுத்தார். நான் முந்திக்கொண்டு, "எங்கம்மா இங்கதான் சேர் படிச்சாங்க, அஞ்சாப்பு வரைக்கும்" என்று பெருமையடித்தேன்.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயர் பதிகிற பழைய சேர்வு இடாப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். அம்மாவின் பெயர் பார்வதி. பார்வதிகளுக்கு அதில் குறைவில்லை. ஆனால் எங்கள் தாத்தாவின் பெயரோடு ஒரு பார்வதியும் இல்லை.

"பிள்ளை, இதிலை அம்மாவின்ரை பேர் இல்லையே… அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்தப் பள்ளிக்கூடத்திலைதானே படிச்சனீங்கள்?"

"இங்கதான் சேர். அந்தா, அந்தச் சன்னல் ஓரமாத்தான் குந்துவேன்."

அவர் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இரண்டு டீச்சர்மார் வாசலில் நின்று எங்களையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மாவின் காதருகே குனிந்து, "ஏம்மா, இல்லாததையா இவ்வளவு நாளா சொல்லிக்கிட்டிருந்த? மானமே போச்சு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அதிபருக்குக் கேட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவருடைய விரல் ஒரு இடத்தில் நின்றது. "தகப்பன்ரை பேர் சரி… ஆனா இது பெடியன். சுப்பிரமணியம்."

"தம்பி சேர்! என் தம்பி!" அம்மா எழுந்தே விட்டாள்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தாயும் தகப்பனும் விடியவே தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தது அம்மா. தனியாக விட்டால் அவன் கத்தி ஊரைக் கூட்டுவானாம். அதனால் வாத்தியார் அம்மாவையும் பக்கத்தில் குந்த விட்டிருக்கிறார். தம்பி ஒவ்வொரு வகுப்பாக ஏற ஏற, கூடவே அம்மாவும் ஏறி அஞ்சாப்பு வரைக்கும் போயிருக்கிறாள். அம்மாவைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"அவன் வாயத் தொறக்க மாட்டான் சேர், பயந்தாங்கொள்ளி. அவன் பேரக் கூப்பிட்டா நான்தான் 'வந்திருக்கேன் சேர்'னு சத்தம் குடுப்பேன். தெனமும் நான்தானே குடுத்தேன்… அதனால நானும் இடாப்புல இருக்கேன்னுதான் நெனச்சேன்."

அதிபர் சிரிக்கவில்லை. ஒரு பழைய வரவு இடாப்பைத் தேடியெடுத்து அம்மாவுக்கு முன்னால் விரித்து வைத்தார். மாமாவின் பெயருக்கு நேரே வரிசையாகச் சரி போட்டிருந்தது. அம்மா அதன்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். மாமா எழுபதுகளில் தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர். அதற்குப் பிறகு அம்மா அவரைப் பார்க்கவேயில்லை.

"இல்லாததை நான் எழுதித் தரேலாது அம்மா. குறை நினையாதேங்கோ."

"பரவால்லீங்க சேர். தம்பி பேரு இருக்குதுல்ல…"

அதற்குமேல் என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரயிலிலும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் வடை வாங்கி என் கையில் திணித்தாள்.

டாக்டரைக் கொண்டு வயசைக் கணித்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, ஐ.சி. கிடைப்பதற்குள் அக்காவின் பிள்ளை தவழத் தொடங்கிவிட்டது. அம்மா பக்கத்தில் இல்லாமல்தான் அக்கா பெற்றெடுத்தாள்.

ஐ.சி. கொடுத்த அன்று தோட்டத்து ஹோலில் நல்ல கூட்டம். ஒவ்வொருவராகப் பெயரைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பேசாமல் எழுந்து போய் வாங்கினார்கள்.

"பார்வதி!"

"வந்திருக்கேன் சேர்!"

அம்மா கையைத் தூக்கிக்கொண்டு போட்ட சத்தத்தில் ஹோலே கொல்லென்று சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மெதுவாம்மா" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா கையை இறக்கவே இல்லை. இப்போது அதை நினைத்தால், நான் ஏன் இழுத்தேன் என்றுதான் வெட்கமாக இருக்கிறது.

இப்போது என் மகள் போகிற டியூஷனில் பெயர் கூப்பிடுவதில்லை. வாசலில் கார்டை மெஷினுக்குக் காட்டினால் போதும், எனக்கு மெசேஜ் வந்துவிடும். போன கிழமை அதை அம்மாவிடம் காட்டினேன். போனைத் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அம்மா கேட்டாள்:

"சத்தமே குடுக்காம எப்பிடிடி தெரியும், வந்தது நம்ம புள்ளதான்னு?"