ரெண்டாகத்தான் வெளியே வருமாம்

சிந்தாதிரிப்பேட்டையில் காலை பஸ் பிடித்தேன். அடையாறுக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட். மடியில் சமோசா மூட்டை. மகள் கலாவுக்கு இன்று டாக்டர் பட்டத்தின் கடைசிப் பரீட்சை. எல்லாரும் பார்க்க, வாயால் பதில் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு டிபன் நம் செலவு. அங்கே அதுதான் வழக்கமாம். ஆறு வருஷம் படித்தவள். தேறாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கக்கூட எனக்குப் பயம்.

"இன்னா பெருசு, வண்டியே மணக்குது. விசேஷமா?" என்றார் கண்டக்டர்.

"பொண்ணுக்குப் பரீட்சை."

"பேப்பர் திருத்துற வாத்தியாருக்கா?"

பஸ்ஸே சிரித்தது.

ரிக்‌ஷா மிதித்த காலத்தில் மயிலாப்பூரைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பேன். ஒரு முறை மாப்பிள்ளையையே வேறு மண்டபத்தில் இறக்கிவிட்டேன்; அது இருக்கட்டும். இப்போது மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்திருக்கிறார்கள். பஸ் எங்கெங்கோ திரும்பியது.

"இது மந்தவெளியா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"எனக்கே கொயப்பமா கீது. கம்முனு குந்து."

கலா நேற்றுச் சொன்னதும் இப்படித்தான் தலைக்குள் சுற்றியது.

"அணுவுக்கு உள்ள கரு கீது நைனா. சில கருவுல புரோட்டான் அளவுக்கு மீறி சேந்துடும், நிக்காது. ஆனா ஒண்ணு மட்டும் வெளிய வர தெம்பு பத்தாது. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். வந்தப்புறம் ஒட்டிக்கினு போவுதா, ஆளுக்கொரு பக்கம் போவுதா, அத்தத்தான் கணக்கு போடறேன்."

"கண்ணால பாத்தியா?"

"கணக்குலதான்."

அடையாறில் இறங்கி, கலா படிக்கிற இடத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். கலா இங்கிலீஷில் பேசினாள். திரையில் ஒரு பெரிய வட்டத்திலிருந்து இரண்டு சின்ன வட்டங்கள் கிளம்பின. கேள்விகள் முடிந்ததும், கேள்வி கேட்டவர்களில் நடுவில் இருந்த பெரியவர் மெதுவாக ஏதோ சொன்னார். பார்க்க வந்த எல்லாரும் எழுந்து வெளியே வந்தோம். கலாவும் வெளியே வந்தாள். கதவு சாத்தப்பட்டது.

கூவம் கரையில் எங்கள் குடிசையை எடுக்க வந்த அதிகாரியும் இப்படித்தான் மெதுவாகப் பேசி வெளியே நிற்கச் சொன்னார். நான் மூட்டையைத் தூக்கினேன்.

"வா, வூட்டுக்குப் போலாம்."

"இன்னாத்துக்கு?"

"அதான் வெளிய அனுப்ட்டாங்களே."

"அய்ய, யாரா இருந்தாலும் வெளிய அனுப்பிட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க, நைனா."

"அப்ப பாஸா?"

"தெர்ல."

பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"அந்த ரெண்டும் கடைசில ஒட்டிக்கினு போச்சா?"

"கொஞ்ச தூரம். அப்பால பிரிஞ்சிடும்."

கதவு திறந்தது. "டாக்டர் கலா, உள்ள வாங்க" என்றார் பெரியவர். என் கையை விட்டுவிட்டு அவள் போனாள்.

திரும்பும்போது மூட்டை காலி. பஸ் வேறு எந்த வழியிலோ போனது. எந்த இடம் என்று நான் யாரையும் கேட்கவில்லை.