நாற்பதில் பறந்த பஸ்

நாமக்கல்–கரூர் ரோட்டில் தீர்த்தகிரி ஓட்டும் தனியார் பஸ்ஸை நம்பி ஆட்டுக்குட்டிகூடக் குறுக்கே போகும். பதினாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. லாரிக்காரர்கள் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, பஸ்ஸுக்கு வளைகாப்புங்களா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போவார்கள்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு ரசிகன் வாய்த்தான். பரமத்தி வேலூர் கௌசிக். காலேஜ் முடித்துவிட்டு, பஸ்களைப் படமெடுத்து இன்ஸ்டாவில் போடுபவன். ஓடுகிற வண்டியைத்தான் எடுப்பான். நிற்கிற வண்டி அவனுக்கு வெறும் தகரம்.

"அண்ணா, பாலத்துக்கு முன்னால நாப்பதுலயே வாங்க. ஏத்தவும் வேண்டாம், எறக்கவும் வேண்டாம். நான் ஷட்டரக் கொறச்சு வெச்சுட்டு, வண்டி கூடவே கேமராவத் திருப்புவேன். வண்டி மட்டும் பளிச்சுன்னு நிக்கும். வாழத்தோப்பெல்லாம் கோடு கோடா இழுத்துக்கும். பாக்கறவன் நூறுல போறீங்கன்னு நெனப்பான்!"

"என்னைய எமனாக்கீராத கண்ணு" என்று சிரித்தார். ஆனாலும் பயணிகள் கொட்டாவி விட விட, மூன்று நாள் அவன் சொன்னபடியே ஓட்டிக் கொடுத்தார். முதல் இரண்டு நாளும் படம் கலங்கிப்போனது. மூன்றாம் நாள் அமைந்தது. கண்டக்டர் போனில் காட்டியபோது, தன் வண்டிதானா என்று தீர்த்தகிரியே அசந்துபோனார்.

நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் அந்த பஸ்ஸில் காலேஜ் போகிற பிள்ளைகளின் பெற்றோரும் இருந்தார்கள். முதலாளி தண்டாயுதபாணிக்குப் போன் மேல் போன்.

"ஏப்பா தீர்த்தகிரீஈஈ..." முதலாளி மூக்கால் இழுத்தார். "பொம்பளப் புள்ளைக ஏர்ற வண்டிப்பா. இந்தப் பறப்புப் பறந்தா?"

"நாப்பதுதானுங்க மொதலாளி. படத்துலதான் அப்படித் தெரியுதுங்க."

"முள்ளு என்ன காட்டுச்சு?"

வேகம் காட்டும் முள் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. மாற்றச் சொல்லி இவர் மூன்று தடவை கேட்டது முதலாளிக்கு நினைவில்லை.

"எடுத்த பையனையே கேளுங்க. அவன் சொல்லீருவானுங்க."

மறுநாள் கௌசிக் ஆபீசுக்கு வந்ததும் தீர்த்தகிரிக்கு மூச்சு வந்தது. வாய் ஓயாத பையன். ஷட்டர் கணக்கை எடுத்துவிட்டால் முதலாளிக்குத் தலை சுற்றிவிடும்.

"ஏஞ்சாமி, இது நீ எழுதுனதா?" முதலாளி போனைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "'நூத்திப்பத்துல எங்கண்ணன்'. நெசமா?"

படத்துக்குக் கீழே அப்படி ஒரு வரி இருப்பது தீர்த்தகிரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனாலென்ன, விளையாட்டுக்கு எழுதியிருப்பான், இப்போது சொல்லிவிடுவான் என்று அவன் வாயையே பார்த்தார்.

கௌசிக் கேமரா வாரைத் திருகினான். நாற்பது என்று சொன்னால் நாற்பதாயிரம் பேரும் சிரிப்பார்கள்.

"நல்ல வேகந்தானுங்க."

"கண்ணு, நாப்பதுல வரச் சொன்னதே நீதான?"

"அப்படிச் சொன்னாப்புல ஞாபகமில்லீங்கண்ணா."

முதலாளி கையை மட்டும் நீட்டினார். தீர்த்தகிரி சாவியை வைத்தார்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வாட்சப் சத்தம் கேட்டது. கௌசிக்.

"அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. வேற வண்டி ஏறுனா சொல்லுங்க, இதவிட மாஸா எடுத்துத் தாரேன்."

கூடவே இரண்டு கைகூப்பு.

மனைவி பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க எழுதப் போறீங்க?"

அவன் போனில் நீல டிக் விழுந்திருக்கும். இனிப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது.