தேர்தல் மாதத் தமிழ்

மலையாளம் பேசும் எங்கள் ஊரின் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தார் ஒரு தமிழ் அண்ணாச்சி. புருவத்தில் எப்போதும் தவிடு ஒட்டியிருக்கும். எங்களுடையது தமிழர் ஓட்டும் கணிசமாக உள்ள, சொற்ப ஓட்டில் கைமாறக்கூடிய தொகுதி. அதனால் நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களுக்கும் தமிழ் பொத்துக்கொண்டு வந்துவிடும். “வணக்கம் அண்ணாச்சி, சௌக்கியமா?” என்று கும்பிடுவார்கள். அண்ணாச்சியோ பிடிகொடுக்காமல், “நமக்கு நோக்காம்”, அதாவது பார்க்கலாம் என்று மலையாளத்திலேயே பதில் சொல்வார்.

“அவங்களே தமிழ் பேசுறாங்க, உங்களுக்கு எதுக்கு மலையாளம்?” என்று கேட்டேன்.

“எலெக்‌ஷன் முடிஞ்சா இவங்களுக்குத் தமிழ் மறந்துரும். கடைக்குள்ள ஓடைத் தண்ணி ஏறும்போது நான் மலையாளத்துலதானே கெஞ்சணும்? பழக்கம் விட்டுரப்படாதுல்லா!”

ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் நன்றி சொல்ல வந்தார். “நன்னி, சேட்டா!”

அண்ணாச்சி அன்றைக்குத்தான் அவரிடம் தமிழில் பேசினார். “நல்லா இருங்க தம்பி. அந்த ஓடையை மறந்துராதீங்க.”

ஜெயித்தவர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து கேட்டார்.

“எந்தா பறஞ்ஞது?”

அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தவிடு உதிர்ந்தது.