காஜா பெராங் வீட்டில் ஊறிய பீர்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த வருஷத்தில்தான், காஜா பெராங்கில் நாங்கள் இருந்த வரிசை வீட்டில் என் வீட்டுக்காரர் பீர் காய்ச்ச ஆரம்பித்தார். வெள்ளைக்காரப் பட்டாள முகாமில் அவருக்குச் சமையல்கட்டு வேலை. ஊருக்குத் திரும்பிய கனடாக்கார துரை ஒருவர் சில டின் மேப்பிள் பாகை அவரிடம் விட்டுப் போனார். மரத்தில் வடித்த நீரைக் காய்ச்சிய பாகு என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னதும் என் மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்களும்தான் ரப்பர் எஸ்டேட்டுல ஆயுசு பூரா பால்மரம் வெட்டுனோம். ஒரு மரமாவது இனிச்சிச்சா?"

முகாமில் உடைந்த விஸ்கி பீப்பாயின் ஓக் பலகை ஒன்றையும் தூக்கி வந்தார். அந்தப் பாகோடு பீரில் ஊறப்போட அதைச் சீவி, என் தோசைக்கல்லில் போட்டு வறுத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அன்று வீடு முழுக்க அடித்த வாசம், தேங்காயைச் சுட்ட மாதிரி, இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. மால்ட் பாகு மருந்துக் கடையில் கிடைத்தது, ஈஸ்ட் ரொட்டிக் கடையில். கசப்புக்குப் போடும் பூ எங்கேயும் கிடைக்காததால் நிலவேம்பைப் போட்டார். கசப்பில் வெள்ளைக்காரக் கசப்பு, தமிழன் கசப்பு என்று இருக்கிறதா என்று கேட்பார்.

மாமியார் மட்டும் பீர் ஊறும் அந்த ஜாடிப் பக்கமே போக மாட்டார். மாமனாரைக் கொண்டுபோனது சம்சுச் சாராயம்.

கடைசி ஜாடியை ஊற்றி வைத்த வாரத்தில், கிளேபாங் ரோட்டில் என் வீட்டுக்காரர் சைக்கிளில் லாரி மோதிவிட்டது. அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோதும் அடுப்படியில் ஜாடி புளுக் புளுக்கென்று பொங்கிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துக்கொண்டு போன பிறகு, வழக்கப்படி வரிசை வீட்டுப் பெண்கள் வந்து, வீட்டில் இருந்த தண்ணீரையும் சோற்றையும் கொட்டிக் கழுவினார்கள். ஜாடியையும் கொட்டச் சொன்னார்கள். நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, அவரு கையால ஊத்தி வச்சது. கருமாதிக்கு இதத்தான் படைக்கணும்."

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அத விடுங்க. தண்ணிக் குடத்த மட்டும் கொட்டுங்க," என்றார்.

பாட்டிலில் சீனி போட்டு அடைத்து வைத்தால்தான் நுரை வரும் என்பது எனக்குத் தெரியாது. அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். கருமாதி அன்று ஜாடியிலிருந்து அப்படியே மங்குக் கோப்பையில் மொண்டு இலை ஓரத்தில் வைத்தேன். ஒரு குமிழிகூட இல்லை. கும்பிட்டு முடிந்ததும் மாமி அந்தக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"முன்னால கசக்குது, பின்னால இனிக்குது. இந்தா, நீயும் குடி."

என் வீட்டுக்காரருடைய கூட்டாளி ஒருவர், எங்களுக்கு இல்லையா என்று கேட்டார். கடைக்குப் போய்க் குடிக்கச் சொல்லிவிட்டு மாமி ஜாடியைத் துணியால் மூடினார்.

பிறகு சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். அதிகம் பேச மாட்டோம். ஜாடியின் அடியில் ஓக் சீவல் தெரிய ஆரம்பித்த அன்றுதான் மாமி வாய்விட்டு அழுதார்.