பங்கு பிரித்த பண் ஏடு

மாமனார் இறந்த வருடம் இறுப்பிட்டி வீட்டைப் பங்கு பிரித்தார்கள். காணி, அண்டா, கிடாரம் எல்லாம் முடிந்து, கடைசியாகப் பண் ஏட்டுக் கட்டு வந்தது. பல தலைமுறைக்கு முந்திய ஓலைகள். இன்ன தேவாரத்தை இன்ன விதமாகப் பாடவேண்டும் என்று அவற்றில் கீறியிருந்தது. அது இருக்கிற வீட்டுக்குப் புண்ணியம் என்று மகன்மார் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பங்கு பிரிக்க வந்த பெரியவர் கயிற்றை உருவி, மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என ஓலைகளை மாறிமாறி வைத்தார். யாருக்கும் குறையில்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பாட்டும் முழுதாக ஒருவரிடமும் இல்லை என்பது அந்த நேரம் எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு எல்லை வேலியில் கதியால் தடிகளைத் தள்ளி நட்டதென்று சண்டை. அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள். இளையவரான என்னவர் என் ஊரான சரவணையில் என் வீட்டோடு இருந்தார். தம் பங்கைப் பூச்சி அரிக்காமலிருக்கப் பட்டணத்து நூலகத்தில் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அங்கிருந்து படிப்பார். வந்து சோற்றுக்கு முன் இருந்து ஓரடி பாடுவார், நடுவில் நிறுத்திவிடுவார். மிச்சம் அண்ணனிடம். சோறும் அப்படியே கிடக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். என்றாலும் இவருக்குச் சொல்லாமல் ஒருநாள் இறுப்பிட்டிக்குப் போய், இவரின் அண்ணனான அத்தானின் கதவடியில் நின்றேன்.

“அவனுக்கு வாயில்லையோ? உம்மை அனுப்பினவனோ?”

“இல்லை அத்தான், நானாத்தான் வந்தனான். உங்கடை ஓலையளையும் நூலகத்துக்குக் கொண்டு வந்தால் பாட்டு முழுசாகும்.”

அத்தான் முற்றத்தைப் பார்த்தபடி, “சரி, கொண்டு வாறன். அவனோடை கதைக்க என்னாலை ஏலாது. நீரும் வந்து நடுவிலை இரும்” என்றார்.

அப்படித்தான் நூலகத்துக் கதிரையில் நான் முதன்முதல் இருந்தேன். அத்தான் ஓர் ஓலை பாடுவார். அது முடிகிற இடத்தில் இவர் தம்முடையதை எடுப்பார்.

“பிள்ளை, அவனை ஓடாமல் பாடச் சொல்லும். பஸ்ஸே பிடிக்கப்போறான்?”

“அவருக்குச் சொல்லும், சுருதி ஏறிப்போச்சு எண்டு.”

இருவருக்கும் கேட்டதையே நான் திரும்பச் சொல்ல, நூலகர் குனிந்து சிரித்தபடி பிரதி எழுதிக்கொண்டிருப்பார். பாட்டு ஓடத் தொடங்கினால் எது யாருடைய குரல் என்று எனக்கே பிடிபடாது. முடிந்ததும் அத்தான் தம் ஓலைகளைக் கட்டித் இறுப்பிட்டிக்குக் கொண்டுபோவார். இவருடைய ஓலைகளும் எழுதிய பிரதியும் நூலக அலுமாரிக்குள் போகும்.

பாதிக் கட்டுக்கூட முடியவில்லை. நூலகத்தை எரித்துவிட்டார்கள்.

பட்டணம் போய்ப் பார்த்து வந்த இவர் வேட்டியில் ஒட்டிய கரியோடு குசினி வாசலில் இருந்தார். சில நாள் கழித்து அத்தான் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வழக்கம்போல நடுவில் இருக்கப் போனேன்.

“நீர் எழும்பும், பிள்ளை.”

இவருக்கு எதிரே நிலத்தில் இருந்து, கட்டை அவிழ்த்து, முதல் ஓலையைப் பாடினார். ஓலை முடிந்த இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். இவர் வாயைத் திறந்தார், மூடினார்.

“சொல் வருகுது. எப்பிடிப் பாடினனான் எண்டு வருகுதில்லை, அண்ணை.”

அத்தான் அதே ஓலையைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து பாடத் தொடங்கினார்.