ஒருவர் மட்டும் இருந்த வீடு

மார்ச் மாதம் கவுன்சில் டாக்ஸ் பில் வரும்; வீட்டில் குடியிருப்பவர்கள் நகரசபைக்குக் கட்டும் வரி அது. பெயர் தெரிய முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடித்தாள் ஒட்டிய வெள்ளை உறை. லண்டன் அப்டன் பார்க்கில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மன்னாரில் எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு பூசை முடிந்து வந்து, குசினி மேசையில் வைத்து அந்த உறையைக் கத்தியால் கிழிப்பார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பிரசங்கம் கேட்பது போல எதிரே இருந்து கேட்பேன்.

"கவுன்சிலின்ர பங்கு ஏறியிருக்கு. பொலிசுக்கும் தீயணைப்புக்குமெண்டு மேயர் எடுக்கிற பங்கும் ஏறியிருக்கு. வயசான ஆக்களைப் பராமரிக்கவெண்டு இன்னொண்டு. ரெண்டு பேர் இருக்கிற வீடு, முழுசாத்தான் கட்டவேணும்." பிறகு சிரிப்பார். "நீ போடுற குப்பைக்கே தனி லொறி விடவேணும். ஏத்தாமல் என்ன செய்வாங்கள்?" நானும் சிரித்துக்கொண்டு பாதியைக் கொடுப்பேன். ஒரு வருடத்து பில்லை உறையோடு கேட்டு வாங்கி, அறையில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். எனக்கும் ஒரு விலாசம் இருக்கிறது என்று நினைப்பு.

எனக்கு விசா இல்லை. கோழிக்கடையில் கைக்காசுக்கு வேலை. போன்கூட அண்ணையின் பெயரில்தான். ஊரில் மனைவி காத்திருந்தாள். இருபது வருடம் இங்கே இருந்ததாகக் காட்டினால் விசா கிடைக்கும், பிறகு அவளைக் கூப்பிடலாம் என்றார்கள். அந்த பில்லை எடுத்துக்கொண்டு விசா வழக்குகள் பார்க்கும் லோயரின் கந்தோருக்குப் போனேன். அங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளை அதை வாசித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அங்கிள், ஒருத்தர் மட்டும் இருக்கிற வீடெண்டு இதில கால்வாசி கழிச்சிருக்கு. இதைக் குடுத்தா நீங்க அங்க இருக்கேல்லையெண்டுதான் நினைப்பினம். வீட்டுக்காரரிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ."

நேரே வீட்டுக்கு வந்தேன். அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் இஞ்ச இருந்ததெண்டு ஒரு கடிதம் தாங்கோ."

"அது ஏலாது. தந்தால் கவுன்சில்காரன் என்னைப் பிடிப்பான். உன்ர நன்மைக்குத்தான்ரா பேர் குடுக்கேல்லை."

"அப்ப பாதிக் காசு ஏன் வாங்கினனீங்கள்?"

அவர் எழும்பிப் போய் பைப்பைத் திறந்து கோப்பையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். அடுத்த நாள் நான் என் உடுப்புகளையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறினேன். சண்டை போடவில்லை. சண்டை போடவும் ஓர் உரிமை வேண்டும்.

பூசை வைக்கும் சாமியாரின் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து விசா எடுக்க மேலும் ஐந்து வருடம் போனது. மனைவி வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

இப்போது வால்தம்ஸ்டோவில் ஓர் அறையும் குசினியுமாக வாடகைக்கு இருக்கிறோம். இந்த மார்ச்சிலும் பில் வந்தது. மாலை வகுப்புக்குப் போய் ஓரளவு வாசிக்கப் பழகிவிட்டேன். "ஏன் இந்தமுறையும் ஏறியிருக்கு?" என்று மனைவி கேட்டாள். கவுன்சிலின் பங்கு, மேயரின் பங்கு, வயதானவர்களுக்கான பங்கு என்று விரல் வைத்துச் சொன்னேன். எல்லாம் அண்ணை சொன்னதுதான். அவர் சொன்ன காரணங்களில் பொய் இல்லை. ஒரு வரியைத்தான் மாற்றி வாசித்தார்.

எங்கள் பில்லில் அந்த வரி இல்லை. கழிவு ஒன்றும் இல்லாமல் முழுவதும் கட்டுகிறோம். உறையின் கண்ணாடித்தாளில் என் பெயரும் அவள் பெயரும் தெரிகின்றன. பழைய உறை இப்போதும் மாதா படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் அண்ணையின் பெயர் மட்டும்.