ஏரி பார்க்கப் போன ஞாயிறு

செம்பரம்பாக்கம் ஏரி என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஏரி பாவம், அது என்ன செய்தது? சென்னைக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறது, அவ்வளவுதான். என் கோபமெல்லாம் என்னை அங்கே சுற்றிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர் மீது. அவர் வேறு யாருமில்லை, என் அப்பா.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. சேர்ந்துவிட்டது, ஆனால் ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்துவிட்டது. வெறுங்காலோடு நடந்தால் இடப்பக்கம் லேசாகச் சாய்வேன். செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியாது. ஏனென்றால் அப்பா எனக்கு வாங்கும் எந்தச் செருப்பும் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் போகும். அவர் இடது செருப்புக்கு மட்டும் அடியில் இன்னொரு சோல் வைத்து, அதே நிறத்தில் ஓரம் ஒட்டி, கையில் எடுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாதபடி செய்து கொடுப்பார். இருபது வருடமாக இப்படித்தான். இது எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் அந்தச் செருப்புக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவளிடம்கூட நான் வாய் திறந்ததில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு எனக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுத்தவரும் அப்பாதான். அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. சாயந்திரம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும், கையில் வார்னிஷ் வாசனை போவதற்கு முன்பே, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முனையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துவார். கையைப் பிடிக்க மாட்டார். இரண்டடி பின்னால் நின்றுகொள்வார்.

"நான் பின்னாடியே வந்துக்கினு இருக்கேன். நீ திரும்பிப் பாக்காம நட."

இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நான் நடப்பேன். விழப் போனால் அக்குளில் இரண்டு கை வந்து தாங்கும். விழாவிட்டால் ஒன்றும் வராது, ஆனாலும் அவர் இருப்பது தெரியும். அதுவே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கோயில், கல்யாணம், துணிக்கடை, எங்கே போனாலும் நான் முன்னால், அப்பா இரண்டடி பின்னால். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்து முதல் நாள் போனபோதுகூட, கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் பின்னால் வந்துவிட்டுத்தான் திரும்பிப் போனார். அங்கே எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வந்தார்கள். வீட்டுக்குள் செருப்பு ஏது? காபி கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பையனின் அம்மா கண்டுபிடித்துவிட்டார். "இன்னாம்மா, கால்ல எதனா குத்திடுச்சா?" என்றார். நான் இல்லை என்றேன். "அந்தக் கதவாண்டயிருந்து இங்க வரைக்கும் நடந்து காட்டு பாக்கலாம்" என்றார். நடந்தேன். "இன்னொரு தபா, மெதுவா." இன்னொரு தபாவும் நடந்தேன். சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார்களே, அப்படி. என் தலை குனிந்து குனிந்து கழுத்தே வலித்தது. அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான், ஒரு பதில் இல்லை.

அன்று சமையலறையில் நான் அழுதுகொண்டிருந்தபோது அப்பா வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இனிமே ஒருத்தரும் நம்ம வாசப்படி ஏறி வந்து உன்னை நடக்க வச்சுப் பாக்க மாட்டாங்க. இது சத்தியம்மா" என்று என் தலையில் கை வைத்தார். என் அப்பா சத்தியம் செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் அதை அப்படியே நம்பினேன்.

அப்புறம்தான் ஏரி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மழை வந்தா டிவில காட்டறானே செம்பரம்பாக்கம் ஷட்டர், அத நேர்ல போய் பாத்துட்டு அப்படியே குன்றத்தூர் முருகனையும் கும்புட்டு வரலாமா?" என்றார் அப்பா. கருட சேவை வாசலில் போனால்கூடக் கடையை விட்டு எழுந்து வராத மனிதர் அவர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, மடச்சி.

ஞாயிறு காலையில் அம்மா புளிசாதம் கிளறினாள். எனக்குப் பட்டுப் புடவையை எடுத்து வைத்தாள். "ஏரிக்கு எதுக்கும்மா பட்டு? மீன் பாக்கவா?" என்றேன். "ஏன், காஞ்சிபுரத்துப் பொண்ணு பட்டு கட்டாம வேற எவடி கட்டுவா?" என்று வாயை அடைத்துவிட்டாள். தம்பி புதிதாக வாங்கிய பழைய கார். பாட்டுக் கேட்க வேண்டும் என்று அப்பா அடம்பிடித்ததால் அவருடைய போனை அதில் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டான். வழியெல்லாம் அப்பாவின் பழைய பாட்டுகள். அவரே கூடப் பாடினார். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஏரிக்கரை மேல் ஏறி நின்றேன். அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் குளத்தையெல்லாம் எடுத்துக் கொட்டினால் ஒரு மூலைக்குக் காணாது. அக்கரையில் அடுக்குமாடி வீடுகள் தீப்பெட்டி மாதிரி. நீர்க்காகங்கள் தலையை மட்டும் நீட்டி நீந்தின. 'கீழே இறங்கக் கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே ஒரு கும்பல் இறங்கி நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. டிவியில் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்யும் ஷட்டர்கள் மூடிக்கொண்டு சாதுவாக நின்றன.

கரையில் எங்களைப் போலவே இன்னொரு குடும்பம். கடுகு நிறப் புடவையில் ஒரு அம்மா, அவர் கணவர், நீலச் சட்டை போட்ட மகன். மகன் ஷட்டரைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். குறுக்கே போகக் கூடாதே என்று நான் நின்றேன். "பரவால்லீங்க, நீங்க நடங்க" என்றான். என்ன மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்துக்கொண்டே அவன் முன்னால் நடந்து போனேன். அந்த அம்மா சம்படத்தைத் திறந்து எனக்கு ஒரு முறுக்குக் கொடுத்தார். தின்றேன். நன்றாகவே இருந்தது.

அங்கிருந்து குன்றத்தூர். ஏரி பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் போகிற இடம்தான். மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது, தம்பி அந்தப் பக்கம் திருப்பினான். அப்பா தடுத்தார். "படியில ஏறிப் போனாதாண்டா முருகனைப் பாத்த மாதிரி." அடிவாரத்தில் செருப்பு விடும் இடத்தில் நான் தயங்கினேன். எண்பது படிக்கு மேல், அதுவும் வெறுங்காலில். என் செருப்பை வேறொருவர் கையில் கொடுக்கவும் எனக்குப் பிடிக்காது, அடிப்பக்கம் பார்த்துவிடுவார்கள். அப்பா குனிந்து என் செருப்பைத் தானே எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். "நான் பின்னாடியே வரேன். நீ நட" என்றார்.

பாதிப் படியில் கடுகுப் புடவை அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "மூட்டு வலி உசுர வாங்குது. கையைக் கொஞ்சம் குடும்மா." கொடுத்தேன். என் காலையும் பார்த்துக்கொண்டு, அவரையும் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதே என்று அவர் பேசிக்கொண்டே வருவதாக நினைத்தேன். என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், தோசைக்கு மாவு வீட்டில் அரைப்போமா கடையில் வாங்குவோமா, எல்லாம் கேட்டார். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சந்நிதியில் தன் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து என் நெற்றியில் அவரே வைத்தார். மேலிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரிந்தது. அப்பா எனக்குப் பின்னால் நின்று, "பாத்தியா, எவ்ளோ ஈசியா ஏறிட்ட!" என்றார். அந்த நேரத்தில் உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி டிராபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தோம். வெயில் தணிந்துவிட்டது. பாட்டு நடுவில் நின்று கார் ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. தம்பி பழக்கத்தில் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டான்.

"அண்ணா, வூட்டுக்குப் போயிட்டீங்களா?" கார் முழுக்க ஒரு குரல். முறுக்குக் கொடுத்த குரல். "எங்க எல்லாருக்கும் பொண்ணைப் புடிச்சிருக்குதுண்ணா. செருப்புல சோல் வச்சிருக்குறத நீங்க முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு. வெறுங்கால்லயே பாத்துட்டோம். கையைப் புடிச்சிக்கினுதான ஏறினேன், லேசா சாயுது, பெருசா ஒண்ணுமில்ல. எங்க பையன் ஏரியில எடுத்த வீடியோவ எங்க நாத்தனாருக்கும் அனுப்பிட்டோம். அவங்களுக்கும் சம்மதம்."

அப்பா முன் சீட்டில் போனைத் தேடினார், சட்டைப் பை, பேண்ட் பை, சீட்டுக்கு அடியில். கிடைக்கவில்லை. "வண்டில இருக்கேம்மா, அப்பறம் பேசறேன்" என்றார் ஸ்பீக்கரைப் பார்த்து. தம்பி அணைத்தான். பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. அதையும் அணைத்தான்.

"சோல் விஷயத்தை யாருப்பா சொன்னது?" என்றேன்.

அப்பா திரும்பவில்லை. "மறைச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்கு உன்னைத்தானம்மா பேசுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெரிஞ்சா நீ பயந்துக்கினு நடப்ப. பயந்தா உனக்கு இன்னும் சாயும். தெரியாம நடந்தா நீ நல்லா நடப்பன்னு எனக்குத் தெரியும்."

"சத்தியம் பண்ணீங்களேப்பா."

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "நம்ம வாசப்படி யாரும் ஏறலையேம்மா" என்றார். கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே அப்படி நம்பிச் சொன்னார். வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்திருந்தார் அந்த மனிதர்.

"சம்மதம்னு சொல்லிட்டாங்கடி. இன்னும் இன்னாதான் வேணும் உனக்கு?" என்றாள் அம்மா பக்கத்தில். அப்போ இவளுக்கும் தெரியும். தம்பியைப் பார்த்தேன். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றான். சத்தியம் என்ற சொல்லைக் கேட்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அவங்க வேணாம்" என்றேன். "போன் பண்ணிச் சொல்லிடுங்க. அந்த வீடியோவையும் அழிக்கச் சொல்லுங்க." அம்மா ஏதேதோ பேசினாள், பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முன்பு நடக்கவிட்டுப் பார்த்தவர்கள் அந்நியர்கள். முகத்துக்கு நேராகக் கேட்டார்கள், நானும் தெரிந்துதான் நடந்தேன். இந்த முறை என் செருப்பைக் கழற்றி வாங்கியவர் அப்பா. படியில் எனக்குப் பின்னால் இரண்டடியில் அவர் வருகிறார் என்ற தைரியத்தில் நான் ஏறினேன். அவர் ஓரமாக ஒதுங்கி அவர்களுக்குப் பார்க்க வழிவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எத்தனை படிக்கு ஒதுங்கினாரோ, எனக்கென்ன தெரியும்? நான்தான் திரும்பிப் பார்க்கவே இல்லையே.

எங்கள் தெருவுக்குள் கார் வராது. முனையில் இறங்கி நடக்க வேண்டும். இருட்டத் தொடங்கியிருந்தது, ஆனால் வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முதலில் போய்விட்டாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா பார்த்தார். எப்போதும் போல ஓரமாக ஒதுங்கி, நான் முன்னால் போவதற்காக நின்றார்.

"நீங்க முன்னாடி போங்கப்பா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னாம்மா?"

"முன்னாடி போங்க. நான் பின்னாடி வரேன்."

போனார். என் காலடி வெறும் மண்ணில் ஒன்று அழுத்தமாகவும் ஒன்று லேசாகவும் விழுந்தது, அது அவருக்குக் கேட்டிருக்கும். நாலு வீடு தாண்டியதும் திரும்பினார். ஆறாவது வீட்டில் மறுபடி திரும்பினார். தெருக்குழாய்ப் பக்கம் வந்ததும் நின்றேவிட்டார். கை இரண்டும் பாதி நீண்டிருந்தது, நான் விழப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"திரும்பிப் பாக்காம நடங்கப்பா" என்றேன்.